என் பெயரில் மருந்து குடித்தவள்

அப்பா,

இதை எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. பேசியதும் அதிகமில்லை. நீங்கள் போய் எட்டு மாதம் கழித்து இப்போது உட்கார்ந்து எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அக்கா பூனையை மடியில் வைத்திருக்கிறார். அதன் கால் புண்ணில் மஞ்சள் மருந்து போட்டிருக்கிறார்கள். அந்த வாடை வந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள். வேலை முடிந்து வந்த சட்டையோடு வாசல்படியில் குந்தி, பஞ்சில் மஞ்சள் மருந்தைத் தொட்டு அவள் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஈப்போவில், விலங்குகளுக்கான கிளினிக்கில் இருக்கிறேன். பவுனு உள்ளே இருக்கிறாள். இந்நேரம் வயிற்றைத் திறந்திருப்பார்கள். பிழைப்பாள் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பையில் ஆபீஸ் நோட்டு இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவளைப் பிடிக்காது. ஒன்பது வருடமாகவே பிடிக்காது. உங்களுக்கு இது தெரிந்திருக்காது. நான் அவளுக்குச் சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், மழையில் நனைந்து வந்தால் சாக்கை விரித்துப் போடுவேன். பிடிக்காத ஒருத்திக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவள் நான்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறிய அதே வாரத்தில் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அடியில், கண் திறந்து சில நாளே ஆன நாய்க்குட்டியாக ஈரத்தில் கிடந்தாளாம். நீங்கள் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தீர்களாம். அம்மா போனில் சொன்னபோது சிரித்தேன். நான் விட்டுவந்த கட்டிலுக்குக் கீழேதான் அவள் படுக்கிறாள் என்றார். அப்போதும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, விடுதி அறையில் என்னோடு இருந்த பெண் “ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

கோலாலம்பூரில் இருந்து நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் மூன்று வாக்கியம் பேசுவீர்கள். “சாப்டியா? காசு இருக்கா? இந்தா, அம்மாகிட்டப் பேசு.” படித்து முடிக்கும்வரை அதே மூன்று. போன் அம்மா கைக்கு மாறியதும் பின்னால் உங்கள் குரல் கேட்க ஆரம்பிக்கும். “இன்னிக்கு என்னா ஆச்சு தெரியுமா பவுனு? அந்த நேப்பாளிக்காரன் மிஷின அந்தப் பக்கம் இழுக்குறான். நான் இந்தப் பக்கம் இழுக்குறேன். நடுவுல பாத்தா குளவிக் கூடு!” நான் அம்மாவுக்கு ஊம் கொட்டிக்கொண்டே உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா நடுவில் சத்தமாகப் பேசிவிடுவார். குளவிக் கூட்டுக்கு அப்புறம் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

கொழுந்து வெட்டும் மிஷினை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க நடக்கிற வேலை உங்களுடையது. எதிர்ப்பக்கம் பிடிக்கிற ஆளுக்கு உங்கள் பாஷை தெரியாது. தெரிந்தாலும் அந்த இரைச்சலில் கேட்காது. அதனால் ஒரு நாளின் பேச்சு முழுக்க உங்களுக்குள்ளேயே சேர்ந்து கிடக்கும். சாயங்காலம் அதை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் மனசு ஆற மாட்டேன் என்கிறது. விடுமுறைக்கு நான் வந்திருக்கும்போது நானும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்ததும் நீங்கள் இடுப்பில் கட்டிய சாரத்தைச் சரிசெய்துகொண்டு நேராக உட்காருவீர்கள். துரை வந்துவிட்டமாதிரி. “படிச்ச புள்ள முன்னால நம்ம என்னாத்தப் பேசுறது” என்று அம்மாவிடம் சொன்னீர்களாமே. படிக்க அனுப்பியவர் நீங்கள்தானே.

அவள் பெயரிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒருமுறை அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, “பவுனுங்கிறது உனக்கு வைக்கணும்னு உங்கப்பா ஆசப்பட்ட பேருடி. நாந்தான் நாட்டுப்புறத்துப் பேரு, பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்கன்னு வேணாம்னேன். ஆபீஸ் கிராணி வீட்டம்மா சொன்ன தர்ஷினியே வச்சாச்சு” என்றார். அன்று முதல் நீங்கள் “பவுனூ” என்று இழுத்துக் கூப்பிடும்போதெல்லாம் நான் தலையை நிமிர்த்திப் பார்ப்பேன். கூப்பிட்டது என்னை. ஓடிப்போய் நின்றது அவள்.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நடந்தது நினைவிருக்கிறதா? எனக்கு இருமல். அம்மா என்னைத் தோட்டத்து கிளினிக்குக்குத் துரத்திவிட்டார். தோட்டத்து ஆட்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அங்கே மருந்து சும்மா. வாசல் பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள். மருந்து கொடுக்கும் டிரெஸர் ஐயா அட்டையைப் புரட்டிக்கொண்டே, அவர் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, பக்கத்து லைன் வீடுகள் வரைக்கும் கேட்கும்படி கேட்டார்:

“வாம்மா தர்ஷினி! காதுல சீழ் நின்னுச்சா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“போன மாசம் பூச்சி மருந்து குடுத்தனே, எல்லாம் வெளிய வந்துச்சா? முதுகுச் சொறி எப்படி இருக்கு? சொறியாம இருந்தாத்தான் முடி வளரும், ஆமா.”

பெஞ்சில் ஒரு அக்கா தள்ளி உட்கார்ந்தார். இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டு, “கோலாலம்பூர் தண்ணி ஒத்துக்கல போல லா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இருமல் மருந்து வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தேன். வாசல்படியில் நீங்கள். மடியில் அவள் தலை. காதுக்குள் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தீர்கள். என் மருந்து.

“அப்பா, என் பேர்ல வாங்குனீங்களா?”

நீங்கள் சாரத்தைச் சரிசெய்யக்கூட மறந்துவிட்டீர்கள். “அவளுக்கு அட்டை இல்லையேம்மா” என்றீர்கள். பிறகு கொஞ்சம் யோசித்து, “உன் பேரு அங்க சும்மாதானே கெடக்குது” என்றீர்கள்.

டவுனில் ஒருத்தர் நாயை ஈப்போவுக்குக் கொண்டுபோய் அரைமாதச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு வந்த கதையை அதற்குப் பிறகு சொன்னீர்கள். ஊசிக்கு இவ்வளவு, படம் பிடிக்க இவ்வளவு, ராத் தங்க இவ்வளவு என்று. நாய்க்கு ஆஸ்பத்திரியில் ராத் தங்க வாடகையா என்று உங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நீங்களாக ஒரு கணக்கு வைத்திருந்தீர்கள். “நீ அம்பது கிலோ. இவ பன்னண்டு. நாலுல ஒண்ணு குடுத்தா சரியாப் போச்சு.” மாத்திரையை அரிவாள்மனையில் வைத்து நாலாக நறுக்குவீர்கள். இன்று காலை இந்த டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மனிதர்களுடைய சாதாரணக் காய்ச்சல் மாத்திரையே நாயைக் கொன்றுவிடுமாம், பூனைக்கு இன்னும் மோசமாம். “உங்கள் அப்பா அதிர்ஷ்டசாலி” என்றார். அதிர்ஷ்டசாலி நீங்களா, அவளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அன்று நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருக்கலாம். மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். நான் எப்போதுமே அப்படித்தான் என்பதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

நீங்கள் மிஷினைப் பிடித்தபடியே தேயிலை வரிசைக்கு நடுவில் விழுந்த அன்று எனக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. ஆபீஸ் இருக்கும் திரிங்காப்பில் இருந்து வந்துசேர்வதற்குள் வீட்டில் கூட்டம். அழத் தெரியாதவள் நான், அதுவும் நாலு பேர் பார்க்க. பவுனு உங்களைக் கிடத்தியிருந்த பெட்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வரவில்லை. இழுத்தால் முனகினாள். வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். “வாயில்லாத ஜீவனுக்கு இருக்கிற பாசத்தப் பாரு” என்றார்கள். சொல்லிவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார்கள். உங்கள் சாவிலும் அவள் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், அப்பா.

டிரெஸர் ஐயாவும் வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எனக்கு அப்பவே தெரியும்மா, மருந்து உனக்கில்லன்னு. அன்னிக்குச் சும்மா சீண்டுனேன். நீ கோலாலம்பூர்ல படிச்சது ஊருக்கே தெரியுமே. ஆனா உங்கப்பா ஒரு காது மருந்துக்கு வந்தா அர மணி நேரம் பேசுவாரு. கடைசில உன் படிப்புலதான் வந்து நிக்கும்” என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. டிரெஸரிடமும் அரை மணி நேரம் பேசியிருக்கிறீர்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் முழுக்க அவள் தண்ணீராகக் குடித்தாள். வயிறு உப்பியது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல இவளுக்குக் கேக்குதா! குட்டி போடப் போறா” என்று சிரித்தார். பக்கத்து வீட்டு ஆண் நாயைக் கூப்பிட்டுத் திட்டினார். நான்கூடப் பழைய சேலையைக் கிழித்துப் பெட்டியில் போட்டுவைத்தேன். அந்தச் சிரிப்பில் இரண்டு நாள் போய்விட்டது. நேற்று அவளால் எழுந்திருக்க முடியவில்லை. படுத்த இடத்தில் சீழ்.

தெரிந்த கிளினிக்குகளுக்கெல்லாம் ஆபீசிலிருந்து போன் போட்டேன். போனில் பேசுவது எனக்கு எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும். எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். ஒரு இடத்தில் பார்க்காமல் விலை சொல்ல முடியாது என்றார்கள். இன்னொரு இடத்தில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இந்த இடத்தில்தான் தவணை உண்டு, சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

இன்று காலை எங்கள் கம்பெனிக் காய்கறி லாரியில் வந்தேன். டிரைவர் அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இது முட்டைக்கோஸ் கணக்குல வருதா, தக்காளி கணக்குல வருதா?” என்றார். நான் சிரிக்காததைப் பார்த்துப் பேசாமல் மெதுவாக ஓட்டினார். மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வரைக்கும் இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் அவள் என் மேல் சாய்ந்தாள். ஒன்பது வருடத்தில் என் மடியில் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அவ்வளவு சூடாக இருந்தாள்.

டாக்டர் ஒரு சீனப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருப்பார். மலாயில் பொறுமையாகச் சொன்னார். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இன்றைக்கே எடுக்க வேண்டும். குட்டி போடாமலிருக்கச் சின்ன வயதிலேயே அறுவை செய்திருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குதான் செலவு, இந்த நோயும் வந்திருக்காது. இப்போது இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி. வயதாகிவிட்டதால் மயக்கத்திலிருந்து எழாமலும் போகலாம். வேண்டாமென்றால் வலி தெரியாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம். அதற்கு நூற்றைம்பது. எது என்றாலும் அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்றார். “யோசிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அவளுக்கு நேரமில்லை.”

முன்மேசையில் ஒரு தமிழ்ப் பெண். பெயர் பதிய வீட்டுப் போன் நம்பர் கேட்டாள். உங்கள் போன்தான், இப்போது அம்மாவிடம் இருப்பது, அந்த நம்பரைச் சொன்னேன். தட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, பவுனு இங்க ஏற்கெனவே வந்திருக்காளே” என்றாள். ஆறு வருடத்துக்கு முன்னால். எலி மருந்து தின்றுவிட்டாளாம். இரண்டு நாள் தங்க வைத்திருக்கிறார்கள். திரையை என் பக்கம் திருப்பினாள். தேதியைப் பார்த்தேன்.

என் பட்டமளிப்பு நாள், அப்பா.

அன்று உங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள். அம்மா மட்டும் வந்தார். மண்டபத்துக்கு வெளியே எல்லோரும் அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டபோது எனக்கு ஒரு பக்கம்தான் ஆள் இருந்தது. காய்ச்சல் என்பதால் நான் உங்களைப் பற்றி வருத்தம்தான் பட்டேன். வரும்போது ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி வந்தேன்.

வெளியே போய் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் மறைக்கவில்லை.

“காய்ச்சல்னு சொல்லச் சொன்னாருடி. விடியக்காலைல ரெண்டு பேரும் கெளம்பி நிக்கிறோம், அது ரத்தமா வாந்தி எடுக்குது. நீ போ, அவகிட்டச் சொல்லிறாதன்னுட்டாரு. உன் பட்டத்துக்குன்னு வாங்குன புதுச் சட்டையோட அதத் தூக்கிக்கிட்டுப் போனாரு. அந்தச் சட்ட அப்புறம் போடுறதுக்கு ஆகவே இல்ல.”

அம்மா தொடர்ந்தார்.

“இப்ப எவ்வளவு கேக்குறாங்க?”

சொன்னேன்.

“ஐயோ! மனுசனுக்கு கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஒரு வெள்ளிதான்டி சீட்டு. நாய்க்கு மட்டும் ஏன் இப்படி? அது நீ காருக்குச் சேத்து வச்ச காசு. மழையில பஸ்ஸுக்கு நிக்கிறவ நீ.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “விட்டுடும்மா. உங்கப்பாதான் கூப்பிடுறாரு போல இருக்கு. தனியா இருக்காருல்ல. அது போயி அவருகிட்ட இருக்கட்டும். பேச்சுத் துணைக்கு ஆச்சு.”

அம்மா நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ, அங்கேயும் ஒரு படி. அவள் உங்கள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். மிஷினை, நேப்பாளிக்காரரை, ஒருவேளை என்னையும்கூட. நான் மறுபடியும் போனின் இந்தப் பக்கத்தில், அம்மாவுக்கு ஊம் கொட்டிக்கொண்டு.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். பாதிப் பணத்தைக் கட்டினேன். மீதிக்குச் சம்பளச் சீட்டைக் கொடுத்தேன். கார் போகட்டும், இன்னும் இரண்டு வருடம் பஸ்ஸுக்கு நிற்கிறேன். முன்மேசைப் பெண், “ரொம்பப் பாசம் போல அக்கா” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பாசமில்லை. அவளை உங்களிடம் அனுப்ப எனக்கு மனமில்லை. அவ்வளவுதான். இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளிக்குப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அதோடு, உங்கள் பேச்சு முழுவதையும் கேட்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அவள் அதை எனக்குச் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் அந்தக் காது வீட்டில் இருக்கட்டும்.

இதுவரை எழுதியபோது டாக்டர் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, எடுத்தாகிவிட்டது, நன்றாகவே போனது, இரத்தம் அதிகம் போகவில்லை என்றார். இனி அவள் கண் விழிக்க வேண்டும். மற்ற நாய்களைவிட நேரம் எடுக்கிறது. “உள்ளே வந்து பக்கத்தில் இருங்கள். தெரிந்த குரல் கேட்டால் சில நேரம் வேகமாக எழும். பேசிக்கொண்டே இருங்கள்” என்றார்.

உள்ளே வந்துவிட்டேன். இதை அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் முடிக்கிறேன். வயிற்றில் ரோமத்தை வழித்திருக்கிறார்கள். நாக்கு வெளியே கிடக்கிறது. முன்னங்காலில் குழாய். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. “சாப்டியா?” என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. மூக்கு நுனி அசைந்ததுபோல இருந்தது, ஆனால் கண் திறக்கவில்லை. நான் உங்கள் பெண்தான் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். காலையில் லாரியில் வந்ததைச் சொன்னேன். முட்டைக்கோஸ் கணக்கைச் சொன்னேன். ஆபீசில் மானேஜர் என்னை இரண்டு வருடமாக வேறு பெயரில் கூப்பிடுவதையும், நான் திருத்தாமல் விட்டதையும் சொன்னேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா, உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. விடுதிக் கட்டணம் கட்டக்கூட அம்மா வழியாகத்தான் கேட்பேன். இது ஒன்றை நேராகவே கேட்கிறேன். அவளைக் கூப்பிடாதீர்கள். எட்டு வருடத்துக்கு மேல் உங்களிடம் இருந்தாள், கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும். அப்படியும் கூப்பிடத்தான் வேண்டுமென்றால், சத்தமாகக் கூப்பிடுங்கள். எனக்கும் கேட்கட்டும்.